பந்தி முடிந்த பிறகு எடுத்த படம்

ஸ்டுடியோ சந்திரமோகனுக்கு இராஜமாணிக்கம் தரவேண்டியிருந்தது நாலாயிரத்து எழுநூற்றைம்பது ரூபாய். மகள் சுகன்யாவின் வளைகாப்புக்குப் படம் எடுத்த கணக்கு. அட்வான்ஸ் போக மீதியைக் கொடுத்துவிட்டு ஆல்பத்தை வாங்கிக்கொள்வதாகப் பேச்சு. அன்றைக்கு வயிற்றில் இருந்த பிள்ளை இப்போது தெருவில் ஓடி விழுந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டு வருகிறது. ஆல்பம் மட்டும் கடையிலேயே கிடந்தது.

கொடுக்கக் கூடாது என்றில்லை. சாயப்பட்டறைக் கூலி வாரம் முடியுமுன்னே கரைந்துவிடும். அதோடு மருமகன் கோகுல்ராஜ் அன்றைக்கே சொல்லிவிட்டான், ஆல்பத்தை எவன் மாமா புரட்டுகிறான், எல்லாம் என் போனில் இருக்கிறது என்று. வந்தவர்கள் அத்தனை பேரும் போனைத் தூக்கிப் பிடித்திருந்தது உண்மைதான். அந்தக் கைகளுக்கு நடுவே சந்திரமோகன் கழுத்தில் கேமராவோடு வழி விடச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருந்தான். அதற்கப்புறம் இராஜமாணிக்கம் அந்தக் கடை இருக்கும் தெருவையே விட்டுவிட்டார். பட்டறைக்குச் சுற்றிக்கொண்டு போனார். பகலெல்லாம் கொதிக்கிற தொட்டியருகே நின்று பட்டு நூலை முக்கி எடுத்தவருக்குத் திரும்புகிற வேளையில் அந்தச் சுற்று மலையாகத் தெரியும்.

இப்போது அக்கா உண்ணாமலை செத்துப்போய்விட்டாள். காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. காரியத்துக்கு மாலை போட ஒரு படம் வேண்டும்.

கோகுல்ராஜ் தன் போனில் தேடினான். இராஜமாணிக்கத்தின் மனைவி தேவகி தன் போனில் தேடினாள். சுகன்யா சிரிக்கிறாள், சுகன்யா வெட்கப்படுகிறாள், சுகன்யாவின் கன்னத்தோடு கன்னம் ஒட்டிக்கொண்டு சித்தி மகள்கள் நிற்கிறார்கள். உண்ணாமலை ஒரு படத்தில் முழங்கையாக இருந்தாள், இன்னொன்றில் முதுகாக இருந்தாள். தாலி அறுத்தவள் வளையல் பூட்டுகிற இடத்துக்கு வரக் கூடாது. யாரும் சொல்லாமலே அவள் பாத்திரங்கள் பக்கம் போய் உட்கார்ந்துகொள்வாள். எந்த விசேஷத்திலும் அப்படித்தான். போன் பிடித்தவர்கள் விசேஷத்தைப் பிடித்தார்கள், பாத்திரத்தையா பிடிப்பார்கள்?

கடைசியில் ஆதார் அட்டையில் இருந்ததைப் பெரிதாக்கிக் கொண்டுவந்தான் கோகுல்ராஜ். இராஜமாணிக்கம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாருப்பா இது?"

"உங்க அக்காதான் மாமா."

"போலீஸ் டேசன் சொவுத்துல ஒட்டி வெச்ச மாதிரி கீது. அவளே பாத்தா, நான் இல்லன்னுடுவா."

புருஷன் போனதும் பிறந்த வீட்டுக்கே வந்தவள். ஒரு நாள் சும்மா உட்கார்ந்ததில்லை. சுகன்யாவைத் தூக்கி வளர்த்த இடுப்பு அவளுடையது. நாளைக்குப் பேரன் கேட்டால், இந்தப் புகைந்த மூஞ்சியைக் காட்டி இதுதான் என்பதா? அவருக்கு மனம் ஒப்பவில்லை.

மறுநாள் பட்டறை முதலாளியிடம், கூலியில் பிடித்துக்கொள்ளச் சொல்லி ஐயாயிரம் வாங்கினார். நேரே ஸ்டுடியோவுக்குப் போனார். பாதிக் கடை ஜெராக்ஸ் கடையாகியிருந்தது.

"வாங்க. இந்தத் தெரு இன்னும் இங்கதான் கீதுன்னு யாரு சொன்னாங்க?" என்றான் சந்திரமோகன்.

இராஜமாணிக்கம் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். அக்கா போனதைச் சொன்னார். அவன் முகம் மாறியது. ஆல்பத்தை இறக்கித் தூசு தட்டினான். மணையில் எடுத்த படங்களில் எல்லாம் குறுக்கே யாராவது ஒருவருடைய போன். இந்த லட்சணத்துக்கு உங்களிடம் பாக்கி கேட்கவே வாய் வரவில்லை என்றான். ஒவ்வொரு பக்கமாகப் புரண்டது. அக்கா எங்கேயும் இல்லை.

கடைசிப் பக்கத்துக்கு முந்தின பக்கத்தில் இருந்தாள்.

ஜனம் போய்விட்டது. நாற்காலிகளை அடுக்கியாகிவிட்டது. சுகன்யா இன்னும் மணையில் இருக்கிறாள். எதிரே உண்ணாமலை, பாத்திரம் கழுவிய ஈரக் கையோடு அவளுக்குப் பச்சைக் கண்ணாடி வளையல் ஒன்றை ஏற்றிக்கொண்டிருக்கிறாள். வாய் கொள்ளாத சிரிப்பு. விழுந்த கடைவாய்ப் பல்லின் இடம்கூடத் தெரிகிறது.

"இது எப்ப?" என்றார் இராஜமாணிக்கம்.

"நீங்க வாடகைப் பாத்திரத்த ஏத்திகினு போயிருந்தீங்க. அல்லாரும் பஸ்ஸுக்கு ஓடிட்டாங்க, ஒங்க வீட்டம்மா வழியனுப்பப் போயிருந்தாங்க. நான் லைட்ட கழட்டிகினு இருந்தேன். அத்த, நீ போடாம நான் எந்திரிக்க மாட்டேன்னு பாப்பா ஒக்காந்துகினு கீது. அந்தம்மா வேணாம் வேணாம்னுச்சு. அப்பறம் போட்டுச்சு."

சுகன்யா வீட்டில் மூச்சு விடவில்லை. விட்டிருந்தால் தேவகி சாமியாடியிருப்பாள்.

சந்திரமோகன் கம்ப்யூட்டரில் அந்தப் படத்தைத் திறந்து பெரிதாக்கினான். எவ்வளவு பெருக்கினாலும் கலங்கவில்லை. புருவத்து நரை ஒவ்வொன்றாக நின்றது. காரியத்துக்கு முகம் மட்டும் போதும், மற்றதை வெட்டிவிடட்டுமா என்று கேட்டான்.

"பொண்ண வெட்டிடு. அக்கா கைய வெட்டாத. வளையல் தெரியணும்."

"வீட்ல கேப்பாங்களே?"

"கேக்கட்டும்."

பணத்தை எண்ணி வைத்தார். சந்திரமோகன் தன் பாக்கியை எடுத்துக்கொண்டு இருநூற்றைம்பதைத் திருப்பித் தள்ளினான். அதை பிரேமுக்கு வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்த இராஜமாணிக்கம், சுவரில் தலையைச் சாய்த்து அப்படியே தூங்கிப்போனார். சந்திரமோகன் எழுப்பும்போது பிரேம் முடிந்திருந்தது. படத்தையும் ஆல்பத்தையும் துணிப்பையில் போட்டுக் கொடுத்தான். பிறகு பழைய பில்லை ஆணியிலிருந்து உருவி, குறுக்கே ஒரு கோடு இழுத்து, அவர் கையில் கொடுத்தான்.