மூன்றாம் செக்ஷன், ஏழாவது லாரி

1942 பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை முதல், ராயப்பேட்டையில் தகர விளக்கு செய்து விற்கும் வலியுல்லாவின் வீட்டுக் கூடத்தில் மட்டும் பாலைவன மணல் கொட்டத் தொடங்கியது. கூரையில் ஓட்டை இல்லை. கடற்கரை மணலில் இருக்கும் கிளிஞ்சல் தூள் இதில் இல்லை. மஞ்சளாக, மாவு போல, தொட்டால் சுட்டது. குண்டு விழுந்தால் தீயணைக்க வீட்டுக்கு வீடு வாளியில் மணல் வைக்கச் சொல்லியிருந்த காலம் அது. தெருக்காரர்கள் ஆளுக்கொரு வாளியோடு வந்து அள்ளிப் போனார்கள். மணிக்கூண்டுப் பக்கம் கடலை வறுத்து விற்ற வேலம்மா, இந்த மணலுக்கு விறகு பாதிதான் ஆகிறது என்று ஒரு கூடை கூடுதலாகக் கேட்டாள். எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்கவில்லை. ஓசியில் கிடைப்பதைத் துருவிக் கேட்கும் வழக்கம் ராயப்பேட்டையில் கிடையாது.

வலியுல்லாவுக்குத் தெரிந்திருந்தது. அவருடைய ஒரே மகன் பீர் முஹம்மது பட்டாளத்தில் லாரி டிரைவராகச் சேர்ந்து ஆப்பிரிக்காவுக்குக் கப்பல் ஏறி ஒரு வருடம் ஆகியிருந்தது. அவன் கடிதங்களில் ஊர்ப் பெயர் வந்த இடமெல்லாம் தணிக்கைக்காரர்கள் மை பூசியிருந்தார்கள். மூன்றாம் செக்ஷன், ஏழாவது லாரி, தண்ணீர் கொண்டுபோகிறேன் என்பது மட்டும் மிஞ்சியது. பிள்ளை எங்கே இருக்கிறான் என்று தெரியாமல் அவருக்குச் சோறு இறங்கவில்லை. மணல் தானாக வந்துவிட்டது, பட்டாளத்தையும் உள்ளது உள்ளபடி அதன்மேல் நிறுத்திவிட்டால் அவன் இருக்கும் இடம் தெரிந்துவிடும் என்று நினைத்தார். மண்ணெண்ணெய்த் தகரத்தை வெட்டி, விரல் நீளத்தில் மூன்று டாங்கிகளும் ஒரு லாரியும் செய்து வைத்தார். அவை அசையவில்லை.

அடுத்த தெருவில் பொன்ராஜ் என்று ஒரு பட்டாள ஸ்டோர் குமாஸ்தா, பாலைவனத்தில் ஒரு காலை விட்டுவிட்டு ஊர் திரும்பியிருந்தான். அவன் வந்து பார்த்துச் சிரித்தான். "இன்னா பாய், கல்யாண ஊர்கோலமா இது? மூணு டாங்கி சேர்ந்தா ஒரு ட்ரூப். அந்த மாதிரி நாலு, தலைமைக்கு ஒரு நாலு, பதினாறு இருந்தாத்தான் ஸ்குவாட்ரன்." அன்றிலிருந்து வலியுல்லா விளக்கு வேலையைப் போட்டுவிட்டுப் படையின் அமைப்பைப் படித்தார். காயம்பட்டுத் திரும்பிய சிப்பாய்களைத் தேடிப் பரங்கிமலை வரை நடந்தார். டாங்கிக்கு எத்தனை ஆள், பீரங்கி யாருக்குப் பின்னால் நிற்கும், பெட்ரோல் எத்தனை மைலுக்கு ஒருமுறை என்றெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டார். எதிரி இல்லாமல் சண்டை ஏது என்று பொன்ராஜ் சொன்னதால் ஜெர்மன்காரனையும் அதே சிரத்தையோடு செய்தார். அந்தப் பக்கத்தைப் பொன்ராஜ் நகர்த்தினான். ஆட்களை ஈயத்தில் வார்த்தார். உருவம் வைப்பது மார்க்கத்தில் கூடாது என்பதால் கண், மூக்கு, வாய் கிடையாது; தொப்பி வழுக்காமல் நிற்க இரண்டு காது மட்டும். ஏழாவது லாரிக்கு அவர் மனைவி அஸ்மத்துன்னிசா, மகனின் பழைய சட்டையிலிருந்து பச்சைத் துணி கிழித்து மேல்மூடி ஒட்டினாள். முப்பது லாரியும் முடிந்து செக்ஷன் நிறைந்த அன்று எல்லாம் தாமாகவே நகர்ந்தன, நாளுக்கு மூன்று விரற்கடை. பொன்ராஜுக்கு வேலை இல்லாமல் போனது.

ஏப்ரலில் ஜப்பான்காரன் வருகிறான் என்று பாதிப் பட்டணம் மூட்டை கட்டியபோதும் அவர்கள் இருவரும் போகவில்லை. பச்சை லாரி ஊர்வதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்கள். அந்த நாட்களில் அந்த வீட்டில் சந்தோஷம் இருந்தது என்றே சொல்ல வேண்டும்.

ஜூன் பதினாறாம் தேதி காலை ஏழாவது லாரியின் சீட் காலியாக இருந்தது. அதில் இருந்த ஈய ஆளைத் தேடி வலியுல்லா வீட்டு மணல் முழுவதையும் மாவுச் சல்லடையால் சலித்தார். வாளியில் அள்ளிப் போனவர்கள் வீடுகளுக்கும் போய்ச் சலித்தார். ஒன்பதாம் நாள் தந்தி வந்தது: காணவில்லை. செத்தான் என்றும் இல்லை, இருக்கிறான் என்றும் இல்லை. லாரி நின்ற இடத்திலேயே நின்றது. இரு பக்கமும் கண்ணிவெடி, பாதை ஒரு லாரி அகலம். எனவே பின்னால் வந்த இருபத்துமூன்று லாரிகளும் நின்றன. சில நாளில், தண்ணீர் வந்து சேராமல், முன்னால் போன டாங்கிகளும் நின்றன. அன்று முதல் அஸ்மத்துன்னிசா பானையில் ஊற்றிவைத்த தண்ணீர் மதியத்துக்குள் வற்றிப்போனது.

"வேற ஒரு டிரைவரை வைய்யி பாய்," என்றான் பொன்ராஜ். "பட்டாளத்துல ஆள் நம்பர் கொறையவே கொறையாது. ஒருத்தன் போனா பின்னாலேர்ந்து இன்னொருத்தன் வந்து குந்திக்குவான்." வலியுல்லா அவனை வெளியே போகச் சொன்னார். அந்த சீட்டில் வேறொருவனை உட்காரவைத்தால், மகன் இனி வரமாட்டான் என்று தாமே கையெழுத்துப் போட்டதாகிவிடும். நான்கு மாதம் கூடத்தில் எதுவும் அசையவில்லை.

அக்டோபரில் அஸ்மத்துன்னிசாதான் பேசினாள். மகனுக்காக அவள் அழுத அளவு அந்தத் தெருவில் யாரும் யாருக்காகவும் அழுததில்லை. வற்றிய பானையைத் தூக்கிவந்து அவர் முன்னால் வைத்தாள். "அதுங்களும் பெத்த புள்ளைங்கதானேங்க. தாகத்துல கெடக்குதுங்க. நம்ம புள்ள தண்ணி கொண்டுபோனவன். அவன் லாரி நிக்கக் கூடாது."

வலியுல்லா ஈயம் காய்ச்சினார். மனமே இல்லாமல், வரப்போகிறவன் மேல் வெறுப்போடு, அவசரமாக வார்த்தார். இடது காது விழவில்லை. திருத்தவும் அவருக்குத் தோன்றவில்லை. தொப்பி ஒருபக்கம் சாய அவனை உட்காரவைத்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டு அழுதார். லாரி நகர்ந்தது. மறுநாள் பானையில் தண்ணீர் அப்படியே இருந்தது.

அடுத்த மே மாதம் ஆப்பிரிக்காவில் சண்டை முடிந்தது, மணலும் நின்றது. வேலம்மா மட்டும் விறகை நினைத்து வருத்தப்பட்டாள். பீர் முஹம்மதைப் பற்றி ஒரு தகவலும் வரவில்லை.

1946இல் அடையாற்றுக் கரைக் குடிசைக்காரன் துரைராஜ் அந்த வீட்டைத் தேடி வந்தான். பட்டாளத்தில் அவன் ஓட்டிய லாரியின் கதவில், அவனுக்கு முன்னால் ஓட்டியவன் இந்த முகவரியை ஆணியால் கீறியிருந்தான். துரைராஜுக்கு இடது காது இல்லை. "அந்த லாரில ஏறுன அன்னிக்கே போச்சு நைனா. குண்டும் படல, ஒண்ணும் படல. தொட்டுப் பார்த்தேன், காதக் காணோம்," என்றான். சீட்டில் ரத்தம் இருந்ததா என்று அஸ்மத்துன்னிசா கேட்டாள். மணல்தான் இருந்தது என்றான்.

வலியுல்லா அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "அது என் கை செஞ்ச தப்புப்பா. மனசில்லாம செஞ்சேன். மன்னிச்சுடு," என்று தேம்பினார். துரைராஜ் விளக்கம் கேட்கவில்லை. "தல கீதே நைனா, அது போதும்," என்றான். அஸ்மத்துன்னிசா மகனின் தட்டில் அவனுக்குச் சோறு போட்டாள். மாலையில் வலியுல்லா புதிதாக ஒரு காது வார்த்து அந்த ஈய ஆளுக்குப் பற்றவைத்தார். மூன்று முறை வைத்தும் ஒட்டவில்லை. துரைராஜ் வெள்ளிக்கிழமைதோறும் வரத் தொடங்கினான். அந்த வீட்டில் அவனோடு பேசுகிறவர்கள் அவனுக்கு வலது பக்கமாகப் போய் உட்கார்ந்துகொள்வார்கள்.