மெருகேற்றிய அலறல்

தோரால்ஃபின் புதிய ஆல்பத்தை முதன்முதலாகக் கேட்க லைப்சிக் நகரின் அந்த இசைத்தட்டுக் கடையில் இருபது பேர் கூடியிருந்தார்கள். இருள், மரணம் என்று பாடும் காதிக் இசையின் ரசிகர்கள்; பெந்தெகொஸ்தே விடுமுறை வெயிலிலும் எல்லோரும் கறுப்பில்தான். "பகல்ல வெளிய வந்தா நீங்கல்லாம் ரத்தக்காட்டேரிங்க மாதிரி சாம்பலாயிடுவீங்கன்னு நெனச்சேன்," என்றார் கடைக்காரர் ரூப்ரெஷ்ட். கூட்டத்தில் இருந்த இல்காவுக்குச் சிரிப்பு வரவில்லை.

மூன்று வருடத்துக்கு முன், அவள் குழந்தை வயிற்றிலேயே இறந்துபோனபோது, அவள் யார் எதிரிலும் அழவில்லை. நண்பன் தோரால்ஃபின் நிலவறை ஒலிப்பதிவுக்கூடத்தில், மைக்குக்கு முன்னால் மட்டும் ஒருமுறை அலறினாள். அதைப் பாட்டில் வைக்கட்டுமா என்று அவன் கேட்டதும் சம்மதித்தாள். நாலு பேர் காதில் விழுந்தால்தான் அந்தக் குழந்தை இருந்ததாக ஆகும் என்று தோன்றியது.

மூன்றாவது பாட்டில் கனத்த மின்தாளத்துக்கு மேல் ஒரு குரல் எழுந்தது. வழவழப்பாக, சுருதி சுத்தமாக, தேவாலயப் பாடகர்களைப்போல. அது தன்னுடையது என்று புரியவே அவளுக்கு நேரமானது. முன்வரிசையில் ஒருத்தி கண்மூடி ஆடினாள். இல்கா எழுந்தாள், ஜன்னலருகே போனாள், மேல்கோட்டை எடுத்தாள், திரும்பக் கொக்கியிலேயே மாட்டினாள்.

தட்டின் முதல் பக்கம் முடிந்ததும் தோரால்ஃபிடம் என்ன செய்தாய் என்று கேட்டாள். கொஞ்சம் சரிசெய்ததாகச் சொன்னான்.

"அப்படியே விட்டிருந்தா கேக்கறவங்க பயந்துடுவாங்க, இல்கா."

"பயப்படத்தானேடா உன் பாட்டைக் கேக்க வர்றாங்க?"

பழைய பதிவைத் தரச் சொன்னாள். கம்ப்யூட்டர் மாற்றியபோது அழிந்துவிட்டதாம். அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

கண்மூடி ஆடியவள் இதைக் காதில் வாங்கி அருகில் வந்தாள். "அது உங்க குரலா? ரொம்ப ஆறுதலா இருந்துச்சு. முன்னாடி எப்படி இருந்துச்சு?"

இல்கா வாயைத் திறந்தாள். மூச்சுதான் வந்தது. அந்த அலறலைத் தொண்டையில், நெஞ்சில், அடிவயிற்றில் தேடினாள். எங்கும் இல்லை. எப்போது போனது? அவள் தூங்கத் தொடங்கியபோதா, மறுபடி பசித்தபோதா? நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை.

"அசிங்கமா இருந்துச்சு," என்றாள் கடைசியில். "எனக்கு ஒரு பொண்ணு இருந்தா. அவளுக்காகக் கத்தினது அது."

தட்டைத் திருப்பப் போன ரூப்ரெஷ்ட் கையை இழுத்துக்கொண்டார்.