பால்மா விளம்பரமும் லண்டன் கசட்டும்

எண்பத்திரண்டில் கல்முனைக் கடைத்தெருவுக்கு வராத சாமான் இல்லை. வந்ததெல்லாம் பேசாமல் வந்திருந்தால் முனவ்வறாவுக்கு ஒரு முறைப்பாடும் இருந்திருக்காது. பால்மா மட்டும் அவளுடைய கூரையில் ஏறி நின்று கத்தியது.

ஏற்றிவிட்டவன் அவள் புருஷன் றஸாக். பால்மா விற்கும் எதிர்க்கடை மீராசா ஒரு ஜப்பான் ரேடியோவை இனாமாக நீட்டியதும் மனுஷன் பல்லைக் காட்டிக்கொண்டு சம்மதித்துவிட்டான். கசட் போடும் பெட்டி முன்னறையில், ஒலிபெருக்கிக் குழாய் கூரையில். காலை எட்டு மணி தொடக்கம் ஒரே பல்லவி: "தாய்மாரே, உங்கள் பால் பிள்ளைக்குப் போதுமா?" எவனோ ஒரு ஆம்பிளைக்கு அப்படி ஒரு அக்கறை.

பிள்ளை பிறந்து இருபத்தைந்து நாள். நாற்பது கழியாமல் அவள் வெளியே போகவும் முடியாது. முதலில் சிரித்தாள். பிறகு பிள்ளை அழும்போதெல்லாம் மார்பை அமுக்கிப் பார்த்தாள். கடைசியில் றஸாக் ஒரு பால்மா டின்னோடு வந்து நின்றான்.

"எதுக்கும் கொஞ்சம் கரைச்சுக் குடுப்பமே புள்ள. நாள் முழுக்கச் சொல்றானே."

மடியில் பிள்ளை இல்லாவிட்டால் டின்னைத் தூக்கி எறிந்திருப்பாள். ஆனால் பாழாய்ப்போன சந்தேகம் அவளுக்கே வந்துவிட்டிருந்தது.

லண்டனில் கோப்பை கழுவும் தம்பி காலிதீன் அனுப்பிய கசட் ஒன்று அலுமாரியில் கிடந்தது. பங்க் இசையாம். மேளத்தையும் கிட்டாரையும் போட்டு அடிக்க, ஒருவன் தொண்டை கிழியக் கத்துவான். 'அதை வாங்கு, இதை வாங்கு என்று உயிரை எடுக்கிற விளம்பரக்காரருக்கு எதிராகத்தான் இவர்கள் கத்துகிறார்கள்' என்று எழுதியிருந்தான். இதற்கு ஒரு தபால் செலவா என்று அன்றைக்கு அவள் தலையில் அடித்துக்கொண்டாள். இப்போது அந்தப் பொடியன்கள் மேல் பாசம் பொங்கியது.

மறுநாள் றஸாக் சந்தைக்குப் போனதும் கசட்டை மாற்றி, சத்தத்தை முழுக்கத் திருகிவிட்டாள். தெரு அப்படியே நின்றது. சைக்கிள்காரர்கள் இறங்கினார்கள். மீன்காரன் கூடையை இறக்கி வைத்துவிட்டு வாயைப் பிளந்தான். றஸாக் பாதி வழியில் திரும்பி ஓடிவந்தான்.

மீராசாவும் வந்தார். சண்டைக்குத் தயாராகக் கதவுச் சீலைக்குப் பின்னால் நின்றாள் முனவ்வறா. அவரோ கூட்டத்தைப் பார்த்து முகம் மலர்ந்தார்.

"நல்ல சாமான் தங்கச்சி. இவ்வளவு சனம் ஒரு நாளும் நிண்டதில்ல. முதல்ல இதைப் போட்டு, சனம் கூடினதும் பால்மாவப் போடுவம்."

"ஓம், ஓம்" என்று தலையாட்டினான் றஸாக்.

அவளுக்குச் சீ என்று போய்விட்டது. அந்தப் பொடியன்களையும் இந்த மனுஷன் பால்மா விற்க வைத்துவிட்டாரே. சத்தத்தை நிறுத்தினாள்.

"மீராசா காக்கா, இந்த ஊடு வாப்பா எனக்குத் தந்த சீதனம். ஊட்டு உறுதிப் பத்திரம் என்ட பேர்ல இரிக்கி. குழாயக் கழட்டுங்க. ரேடியோவையும் கொண்டு போங்க."

றஸாக்கின் முகம் விழுந்தது. "என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே புள்ள."

"நீங்க என்னட்டக் கேட்டா குழாயக் கட்டினீங்க?"

குழாய் இறங்கியது. பிள்ளையைத் தூக்கி மார்போடு அணைத்தாள். மொடக், மொடக் என்று அது விழுங்கும் சத்தம் கேட்டது. இத்தனை நாளும் அந்தச் சத்தம் அவள் காதில் விழவேயில்லை. வாய் நிறைந்து, கடைவாயால் பால் வழிந்தது. முனவ்வறாவுக்குக் கண் கலங்கியது.

றஸாக் இன்னும் டின்னைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"அத நீங்களே கரைச்சுக் குடிங்க" என்றாள்.