குவியல் நகர்ந்த தூரம்

செவ்வாய்க்கிழமை நான் அடையாளத்துக்கு வைத்த செங்கல்லை ஞாயிற்றுக்கிழமை காணவில்லை. யாரும் எடுத்துப் போகவில்லை. தம்பியின் எருக்குவியல் அதன்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. ஓரத்தைக் காலால் ஒதுக்கிப் பார்த்தேன். ஒரு சாண் உள்ளே கிடந்தது.

எங்கள் இரண்டு வீட்டுக்கும் பின்னால் ஒரே காலியிடம். அந்தக் கோடியில் தம்பியின் கோழிக்கூடு, இந்தக் கோடியில் பழைய மரச்சாமான் வைக்கும் என் கிடங்கு. நடுவில் வேலி கிடையாது, கல் கிடையாது. அப்பா வாயால் பிரித்துக் கொடுத்தார், நாங்கள் காதால் வாங்கிக்கொண்டோம். கிடங்குக்குத் தள்ளுவண்டி போக என் பக்கம் இருப்பது ஆறடிப் பாதை. அது அடைபட்டால் கட்டிலையும் பீரோவையும் தலையில் வைத்துத்தான் கொண்டுபோக வேண்டும்.

கூட்டில் விரித்த மரச்சீவல் எச்சத்தில் ஊறிக் கெட்டியானதும் தம்பி அதை வாரிக் குவிப்பான். தண்ணீர் தெளித்து, சருகு கலந்து, பத்து நாளுக்கு ஒருமுறை புரட்டிப் போடுவான். மூன்று மாதத்தில் எருவாகுமாம்; பச்சையாகப் போட்டால் வேரைப் பொசுக்கிவிடுமாம். இருக்கட்டும். ஆனால் கூட்டின் வாசலில் பிறந்த குவியல் எட்டே புரட்டலில் என் பாதையின் ஓரத்துக்கு வந்திருக்கிறது. பெற்ற பிள்ளைகூட மூன்று மாதத்தில் நடப்பதில்லை.

"குப்பை நடந்து வருதுன்னு வெளிய சொல்லிடாதீங்க. உங்களைத்தான் கட்டிப் போடுவாங்க" என்றாள் என் மனைவி.

"அவன்கிட்டயே கேட்டுடறேன்."

"நீங்களா? கத்தரிக்கா வாங்கப் போனாலே தராசு நல்லாருக்குன்னுதான் ஆரம்பிப்பீங்க."

உண்மைதான். கடைத்தெருவில் வளர்ந்தவன் வேண்டிய பொருளை முதலில் தொடமாட்டான். கோழிகளின் உடம்பு எப்படி என்று தம்பியிடம் விசாரித்தேன். முட்டையின் பருமனைப் பாராட்டினேன். பிறகுதான், "ஏம்ப்பா, இதை ஒரே எடத்துல வச்சுப் புரட்ட முடியாதா?" என்றேன்.

"அதெப்படிண்ணே? மேல இருக்கறது உள்ள போகணும், உள்ள இருக்கறது மேல வரணும். பக்கத்துல தள்ளித் தள்ளித்தான் போடணும்."

"பக்கம்னா ரெண்டு பக்கம் இருக்கே."

மண்வாரியில் ஒட்டியிருந்த சீவலைக் கொஞ்ச நேரம் சுரண்டினான். "கூட்டுப் பக்கம் தண்ணி தேங்குதுண்ணே. ஊறிடும்."

மழை பெய்து மூன்று மாதமாகிறது. விலை கேட்டதும் பட்டென்று சொல்பவனை நான் நம்புவதில்லை. யோசித்துச் சொல்பவனை அறவே நம்புவதில்லை.

சனிக்கிழமை அவனும் அவன் மனைவியும் தீவனம் வாங்கப் போனார்கள். நான் சட்டையைக் கழற்றிவிட்டு மண்வாரியை எடுத்தேன். ஒரே புரட்டில் குவியலைக் கூட்டுப் பக்கமே திருப்பி அனுப்பினேன். உள்ளே கறுத்துப் பொலபொலவென்று, மண்வாசனையாகவே இருந்தது. கூட்டருகே தரை ஈரமாகத்தான் இருந்தது. கோழிகளின் தண்ணீர்த் தொட்டி சிந்தியிருக்கும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அங்கே அன்று காலை கூட்டிலிருந்து வாரிக் கட்டிய நாலு மூட்டை இடத்தை அடைத்துக்கொண்டு கண்ணெரிய நாறியது. அவற்றையும் அவிழ்த்துக் குவியலோடு சேர்த்துவிட்டேன். ஒரே சரக்குதானே, ஒன்று பழசு, ஒன்று புதுசு. இரண்டையும் கலப்பது எங்கள் தொழிலில் பாவமில்லை.

சாயங்காலம் வந்தவர்கள் குவியலைப் பார்த்தார்கள். ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. ஞாயிறும் கேட்கவில்லை. திங்கட்கிழமை தம்பியின் மனைவி கூப்பிட்டாள்.

"மாமா, இதைத் தொட்டுப் பாருங்க."

குவியலில் செருகியிருந்த இரும்புக் கம்பியை உருவி நீட்டினாள். தொட்டதும் சுட்டது; சட்டென்று கையை இழுத்துக்கொண்டேன்.

"போன வாரம் நல்லா ஆறிப்போய் இருந்துச்சு. யாரோ பச்சையைக் கலந்துட்டாங்க. முந்நூறு தொட்டியில நாத்து நட இன்னிக்குத்தான் எருவை அள்ளலாம்னு இருந்தேன்." என் உள்ளங்கையைப் பார்த்தாள். "கைக்கு என்ன ஆச்சு?"

"பீரோ தூக்கினேம்மா."

"பீரோ தூக்கினா உள்ளங்கையில கொப்புளம் வருமா மாமா?"

தம்பி சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. "ரெண்டு மாசம் ஆகும்ணே. இனிமே முதல்ல இருந்து புரட்டணும். பத்து நாளைக்கு ஒரு தடவை."

ஆறு புரட்டல். குவியல் மறுபடி என் பாதைப் பக்கம் நடந்துவர அது போதும். நஷ்டப்பட்டவன் குரலா, பேரம் படிந்தவன் குரலா? முகத்தைப் பார்த்தேன். கூடப் பிறந்து, ஒரே தட்டில் சாப்பிட்ட முகம். ஒன்றும் பிடிபடவில்லை.

"இன்னிக்கே ஆரம்பிச்சுடலாம்" என்றான்.

மண்வாரியைக் குவியலின் வயிற்றில் செருகி, நிறைய அள்ளித் தூக்கினான். திறந்த இடத்திலிருந்து வெள்ளை ஆவி குபுகுபுவென்று கிளம்பியது. அவனுக்கு வலப்பக்கம் கூடு, இடப்பக்கம் என் பாதை. எந்தப் பக்கமும் கொட்டாமல் தூக்கிய கையோடு நின்றான். என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான் என்று நினைக்கிறேன். ஆவிக்குப் பின்னால் அவன் முகம் தெரியவில்லை.