நூற்றுக்கு எண்பது

மூக்கில் துணிக்கிளிப் மாதிரி ஒன்றை மாட்டி, வாயில் குழாயைக் கொடுத்து, "நல்லா இழுத்து, கடைசி வரைக்கும் ஊதுங்க" என்றார் டாக்டர். அடைக்கலராஜ் கண் பிதுங்க ஊதினான். தண்ணீர்த் தொட்டியில் கவிழ்த்திருந்த டிரம் எழும்பியது. பேனா காகிதத்தில் ஒரு கோட்டை ஏற்றிவிட்டு நின்றது.

புகை பிடிக்காத, நோய்நொடி இல்லாதவர்களின் நுரையீரல் எவ்வளவு காற்றுப் பிடிக்கும் என்று அளக்க மருத்துவக் கல்லூரி ஆட்கள் வந்திருப்பதாகப் பூசையில் சாமியார் அறிவித்ததும், காரைக்காலில் பாதிப் பேர் பீடியை வாசலில் மிதித்து அணைத்துவிட்டுக் மாதா கோயில் கூடத்துக்குள் வந்து நின்றார்கள். அடைக்கலராஜ் நிஜமாகவே பிடிக்காதவன். மாலையானால் பந்து விளையாடுகிறவன். அவனைக் கையோடு கூட்டி வந்தவர் மாமனாராகப் போகும் சந்தனசாமி. மாப்பிள்ளை திடகாத்திரம் என்று ஒரு டாக்டர் சொல்வதை நாலு பேர் காதில் போட்டுவிட அவருக்கு ஆசை, அதுவும் இலவசமாக.

அடைக்கலராஜின் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்தவர். அதனால் பாரீஸைக் காலண்டரில் மட்டும் பார்த்திருந்த பையனும் பிரெஞ்சுக் குடிமகன்; ஊர் வழக்கில், நேஷனாலிட்டி மாப்பிள்ளை. மகளைச் சீமைக்குக் கூட்டிப்போவான் என்ற ஒரே காரணத்துக்காக இரண்டு பட்டதாரி வரன்களைத் தள்ளியிருந்தார் சந்தனசாமி. பூசையில் பெண்கள் பக்கம் மூன்றாம் வரிசையில் நிற்கும் அவர் மகள் லூர்தம்மாளை நான்கு வருடமாக முதுகுப்புறமிருந்தே காதலித்தவனுக்கு, அந்தக் காரணம் போதுமானதாகவே இருந்தது.

டாக்டர் அட்டவணையில் விரலை ஓட்டினார். "நூத்துக்கு எண்பது."

"மிச்சம் இருபது எங்கங்க?" என்றார் சந்தனசாமி, மீன்கடையில் எடை குறையக் கண்டவர்போல.

அடைக்கலராஜ் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தான். இத்தனை வருடம் ஓடியதெல்லாம் முக்கால் மூச்சிலா? நெஞ்சில் கை வைத்துப் பார்த்தான். உள்ளே ஓர் அறை பூட்டிக் கிடப்பதுபோலத்தான் இருந்தது.

சந்தனசாமி குரலைத் தாழ்த்தினார். "டிபியாங்க? இருந்தா இப்பவே சொல்லிருங்க. கோயில்ல ஆட்சேபம் உண்டான்னு கேட்டுக் கல்யாண ஓலை ரெண்டு ஞாயிறு வாசிச்சாச்சு. கடைசி ஓலை நாளைக்கு."

"அட, ஒண்ணும் இல்லீங்க. இது வெள்ளைக்காரங்கள அளந்து போட்ட கணக்கு. நம்ம ஆளுங்க யாரு ஊதினாலும் இவ்ளோதான் வரும். நமக்குன்னு இப்பதான் ஊர் ஊராப் போய்க் கணக்கு எடுக்குறோம். அதுல பாத்தா இவருக்கு நூத்துக்கு நூறு."

சந்தனசாமியின் முகம் பாதி தெளிந்து, அங்கேயே நின்றது. "நம்ம கணக்கா? இவரு பிரெஞ்சுக்காரராச்சுங்களே."

வரிசையில் யாரோ களுக்கென்றார்கள். டாக்டர் சிரிக்கவில்லை.

"அப்படியா தம்பி? எதுல போடட்டும்? பிரெஞ்சுன்னா எண்பது. இந்தியன்னா நூறு."

அடைக்கலராஜ் மாமனாரைப் பார்த்தான்.

"சொல்லுங்க மாப்ள" என்றார் அவர், தேர்வு முடிவு கேட்பவர்போல. "நீங்க யாருன்னு சொல்லுங்க."

சொல்லத்தான் வாயைத் திறந்தான். மூக்கில் கிளிப் அப்படியே இருந்தது.

"இன்னொருக்கா ஊதுறேங்க" என்று அடைத்த குரலில் வந்தது.

குழாயை வாங்கி வாயில் வைத்தான். அடிவயிற்றிலிருந்து இழுத்து ஊதினான். டிரம் எழும்பத் தொடங்கியது. பேனா முந்தைய கோட்டின் உச்சியை நெருங்கிக்கொண்டிருக்க, சந்தனசாமியும் கன்னம் உப்பக் காற்றை அடக்கிக்கொண்டு நின்றார்.