மடத்து வெள்ளை உருண்டை

டொலேடோ என்ற ஊரின் பேரைக் கேட்டாலே சுனந்தாவுக்குக் குமட்டும். ஆனால் யார் வீட்டுக்கு வந்தாலும் அவள் புருஷன் குணபாலன் போட்டோ ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். பம்பு கம்பெனி அவனை ஸ்பெயினுக்குப் பயிற்சிக்கு அனுப்பியது. கடைசி வாரத்தில் அவளும் போய்ச் சேர்ந்தாள். அதில் ஒரு சனி ஞாயிறு டொலேடோ. அந்த இரண்டு நாளை வைத்துக்கொண்டு அவன் திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் ஒரு மாதமாகப் பீற்றிக்கொண்டிருந்தான்.

இந்த ஞாயிறு மாட்டிக்கொண்டவர் ஆபீஸ் நண்பர் ராமகிருஷ்ணன்.

"ஆத்தைப் பாருங்க, ஊரை மூணு பக்கம் சுத்திக்கிட்டு ஓடுது. மேல கோட்டை, பெரிய சர்ச்சு."

"நம்ம ராஜகோபுரம் ஒசரம் வருமா?" என்றார் அவர். திருவண்ணாமலைக்காரர் வேறென்ன கேட்பார்?

சமையலறையில் காபி கலந்துகொண்டிருந்த சுனந்தாவின் நினைவில் ஆறும் இல்லை, கோட்டையும் இல்லை. கடைக்குக் கடை குளம்போடு தொங்கிய பன்றித் தொடைகள்தான். சொட்டும் கொழுப்பைப் பிடிக்க ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு சின்னக் கிண்ணம் வேறு. அதற்குக் கீழே உட்கார்ந்து ஜனங்கள் சிரித்துப் பேசிச் சாப்பிட்டார்கள். அவள் சமண வீட்டுப் பெண். பொழுது சாய்ந்தால் வாயில் எதையும் போடமாட்டாள். அந்த மார்கழிக் குளிரில் சாயங்காலமே இருட்டிவிடும், ஓட்டல்காரனோ ராத்திரி ஒன்பதுக்குத்தான் கதவைத் திறப்பான். பகலில் கிடைத்த சூப்பிலும் என்னவோ மிதந்தது. முதல் நாளே அவளுக்குத் தலை சுற்றியது.

அப்போதுதான் ஒரு சந்தில் அந்தக் கன்னியாஸ்திரீகள் மடம் வந்தது. வெளியாள் முகத்தில் விழிக்கமாட்டார்களாம். சுவரில் சுழலும் மரப்பெட்டி ஒன்று இருந்தது. காசை வைத்துத் தள்ளினால் அது உள்ளே போய், பலகாரத்தோடு திரும்பி வந்தது. வெள்ளை வெளேரென்று, நாக்கில் பட்டதும் கரைகிற மாவுருண்டை. முட்டை இல்லை என்று குணபாலன் கேட்டுச் சொன்னான். அதற்குமேல் விசாரிக்க அவளுக்குத் தோன்றவில்லை. வீட்டைத் துறந்த பெண்கள் கையால் செய்தது, நம் சமணத் துறவிகளான ஆர்யிகை அம்மாமார் மாதிரி எறும்புக்கும் வழிவிட்டு நடப்பவர்களாகத்தான் இருப்பார்கள், அவர்கள் சமையலில் உயிர்க்கொலை எப்படி வரும் என்று அவளே முடிவு கட்டிக்கொண்டாள். இரண்டு நாளும் அதுதான் ஆகாரம். ஊருக்கும் ஒரு பெரிய டப்பா வாங்கினாள். மாமியார் தர்மவதிக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. இன்று சதுர்த்தசி நோன்பிருந்து உள்ளே ஜபமாலை உருட்டிக்கொண்டிருந்த கிழவி, நாளைக் காலை நோன்பு முடிக்கும் பாரணைக்கு அந்த உருண்டைதான் வேண்டும் என்று சொல்லிவைத்திருந்தாள்.

"மாவுல என்னங்க போடறாங்க, இப்படிக் கரையுது?" என்று தட்டில் வைத்த உருண்டையை மென்றுகொண்டே ராமகிருஷ்ணன் கேட்டது, காபியோடு கதவண்டை வந்தவள் காதில் விழுந்தது.

குணபாலன் குரலைத் தாழ்த்தினான். "பன்னிக் கொழுப்புங்க. கூட வந்த ஸ்பெயின்காரன் அங்கியே சொல்லிட்டான். இவகிட்ட சொல்லியிருந்தா ரெண்டு நாளும் பட்டினி கெடந்து என் உசுரை எடுத்திருப்பா. டிரிப்பே பாழாயிருக்கும்." சொல்லிவிட்டுச் சிரித்தான். ராமகிருஷ்ணன் மெல்லுவதை நிறுத்திவிட்டார்.

சுனந்தா கொல்லைக்கு ஓடினாள். ஒரு மாதத்துக்கு முந்தித் தின்றது இப்போது எங்கே வெளியே வரும்? வெறும் தண்ணீர்தான் வந்தது. உப்பை அள்ளி நாக்கில் தேய்த்தாள். தேய்த்த விரலைக் கழுவினாள். கழுவின பிறகும் விரல் பிசுபிசுத்தது போலவே இருந்தது.

நண்பர் போனதும் கேட்டாள். "தெரிஞ்சேவா தின்ன விட்டீங்க?"

"தெரியாம தின்னா தோஷம் கம்மிதான். விடு."

"அத்தைக்கு?"

"அவங்களும் தெரியாமதானே தின்னாங்க. வயசான காலத்துல சொல்லி நோவடிக்கணுமா?"

"நாளைக்குப் பாரணைக்கு அதைத்தான் கேட்டிருக்காங்க."

"நான் பாத்துக்கறேன். எறும்பு ஏறிடுச்சுன்னு சொல்லிடறேன், போதுமா?"

பொய்தான். ஆனாலும் மாமியார் வாயில் மறுபடி அது போகாமல் இருந்தால் சரி என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். அந்த அளவுக்காவது இவனுக்கு மனசு இருக்கும் என்று நம்பினாள்.

காலையில் தர்மவதி குளித்து, பூஜை முடித்து, இலை முன்னால் உட்கார்ந்தாள். "அந்த வெள்ளை உருண்டையில ரெண்டு வைம்மா."

சுனந்தா புருஷனைப் பார்த்தாள். அவன் பேப்பரில் இருந்து தலையைத் தூக்கவில்லை. மாமியார் இன்னொரு தரம் கேட்டாள்.

"குடு சுனந்தா," என்றான் குணபாலன், பக்கத்தைத் திருப்பியபடி. "ஆசையாக் கேக்கறாங்க இல்ல."

சுனந்தா டப்பாவை எடுக்கவில்லை. "அதுல பன்னிக் கொழுப்பு இருக்குது அத்தை. எனக்கு நேத்துதான் தெரியும். உங்க பிள்ளைக்கு வாங்கின அன்னிக்கே தெரியும்."

கிழவி மகனைப் பார்த்தாள். அவன் பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டான். அவள் இலையைத் தள்ளிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போனாள். கொப்பளிக்கும் சத்தம் வந்துகொண்டே இருந்தது.

"இப்போ உனக்குத் திருப்தியா?" என்றான் குணபாலன். "ரெண்டு பேரும் சந்தோஷமாத்தானே தின்னீங்க? சரி, எனக்கு டிபன் வை. பஸ்ஸுக்கு நேரமாச்சு."

அவள் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பன்றிக் கொழுப்பு உடம்பைவிட்டு என்றைக்கோ போயிருக்கும். இவனோடுதான் இனிமேலும் குடித்தனம் பண்ணியாக வேண்டும்.