திரைக்கு உள்ளே போன கண்ணாடிக்குச்சி

திரை விலகி நைனா முகமதுவின் கை மட்டும் உள்ளே வந்தது. விரல் இடுக்கில் ஒரு கண்ணாடிக்குச்சி. ஈர்க்கைவிடக் கொஞ்சம் பருமன். ஒரு முனையில் வெள்ளி மாதிரி என்னமோ மினுங்கியது.

"அக்கா, இதை சௌதா நாக்குக்கு அடியில வச்சு வாயை மூடச் சொல்லு. டாக்டர் போதும்னு சொல்ற வரைக்கும் எடுக்கப்படாது. கீழ போட்டுராத. சீமையிலருந்து கப்பல்ல வந்தது."

கடைசி வாக்கியம் அக்கா மெகராஜ் பேகத்துக்காகச் சொன்னதில்லை. கூடத்தில் உட்கார்ந்திருந்த ஆட்களுக்காகச் சொன்னது. பஞ்சு வியாபாரி நைனா முகமது வீட்டுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து இங்கிலீஷ் வைத்தியம் படித்த டாக்டர் வருகிறார் என்பதை, டாக்டருக்கு வண்டி அனுப்புவதற்கு முன்பே அவன் ராஜபாளையம் கடைத்தெரு முழுக்கச் சொல்லி முடித்திருந்தான். சீமையில் ராணி போய் ராஜா பட்டத்துக்கு வந்த வருஷம் அது. அந்த ஆடியில் காய்ச்சல் வராத வீடு தெருவில் இல்லை. டாக்டர் வந்த வீடு இது ஒன்றுதான். பெண்டாட்டி சௌதா பத்து நாளாகக் கிடக்கிறாளே என்ற கவலை அவனுக்கு இல்லாமல் இல்லை. சோறு இறங்காமல் பாதியில் எழுந்து போகிறான் என்பது மெகராஜுக்குத் தெரியும். ஆனால் கவலையைக்கூட நாலு பேர் பார்க்கத்தான் அவனுக்குப் படத் தெரியும்.

மெகராஜ் குச்சியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் நைனா முகமதுவுக்கு மூத்தவள். புருஷன் மவுத்தாகித் தம்பி வீட்டுக்கு வந்து பதினைந்து வருஷம். இந்தப் பதினைந்து வருஷத்தில் அவளுக்கென்று இரண்டு பெருமைகள் சேர்ந்திருந்தன. ஒன்று, அந்நிய ஆண் காதில் அவள் குரல் விழுந்ததில்லை. இன்னொன்று, அந்த வீட்டில் எந்த மருந்தும் அவள் நாக்கைத் தாண்டாமல் இன்னொருவர் வாய்க்குப் போனதில்லை. ஹக்கீம் கொடுத்த லேகியமோ, பள்ளிவாசல் ஹஜ்ரத் தட்டில் வசனம் எழுதிக் கரைத்துக் கொடுத்த தண்ணீரோ, எதுவானாலும் முதல் சொட்டு அவளுக்கு. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால்தான் மற்றவர்களுக்கு.

நாக்குக்கு அடியில் வைப்பது மருந்தில்லாமல் வேறென்ன? முந்தானையில் குச்சியைத் துடைத்து, பிஸ்மி சொல்லி, தன் வாயில் வைத்துக்கொண்டாள்.

இனிப்பும் இல்லை, கசப்பும் இல்லை. கரைகிற மாதிரியும் தெரியவில்லை. திரை இடுக்கு வழியே கூடத்தைப் பார்த்தாள். டாக்டர் சௌந்தரபாண்டியன் நடுநாற்காலியில் இருந்தார். ரங்கூன் பட்டாளத்து ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்தவர். இந்த வேக்காட்டிலும் கறுப்புக் கோட்டு. பையிலிருந்து எதை எடுத்தாலும் முதலில் இங்கிலீஷில் பேர் சொன்னார், பிறகு தமிழில் சொன்னார், பிறகு கேட்டவர்களுக்கு விளங்காததற்காக ஒரு பெருமூச்சு விட்டார். இப்போது சங்கிலியில் தொங்கிய கடிகாரத்தை உள்ளங்கையில் வைத்து முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூடமே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"போதும்" என்றார்.

மெகராஜ் குச்சியை எடுத்து, துடைத்து சௌதாவிடம் கொடுக்கலாம் என்று திரும்புவதற்குள் தம்பியின் கை மறுபடியும் உள்ளே வந்து அதை வாங்கிக்கொண்டு போய்விட்டது. போகட்டும் என்று நினைத்தாள். ருசியே இல்லாத மருந்து யாருக்கு என்ன செய்துவிடப் போகிறது.

டாக்டர் ஜன்னல் பக்கம் குச்சியைத் தூக்கிப் பிடித்தார். வலது கண்ணை மூடினார். பிறகு இடது கண்ணை.

"தொண்ணூற்றெட்டரை. காய்ச்சலே கிடையாது."

"உடம்பு கொதிக்குதுன்னு அக்கா சொல்லுதாங்களே" என்றான் நைனா முகமது.

"மனுஷர் கை பொய் சொல்லும். இது சொல்லாது. உடம்பில் இருக்கிற சூட்டை உள்ளபடி காட்டும். உங்கள் சம்சாரத்துக்குத் தாய்வீடு எது?"

"சேத்தூரு."

"அதான். தாய்வீட்டு ஏக்கம். இதற்கு மருந்து கிடையாது. எழுந்து வேலையைப் பார்க்கச் சொல்லுங்கள்."

அடுத்த கடைக்காரர் அகமது கபீர் தாடியைத் தடவினார். "பத்து நாளா நடிச்சிருக்கா. எம்புட்டுத் தெறமை பாருங்க."

நைனா முகமதுவின் முகம் கறுத்துப்போனது. கட்டிலில் சௌதா கம்பளிக்குள் கிடுகிடுவென்று ஆடிக்கொண்டிருந்தாள். பல்லோடு பல் மோதும் சத்தம் மெகராஜுக்குக் கேட்டது. அந்த நடுக்கத்தோடேயே சௌதா கம்பளியை விலக்கி ஒரு காலைத் தரையில் ஊன்றினாள்.

"எங்கட்டி போற?" என்று கிசுகிசுத்தாள் மெகராஜ்.

"அடுப்பைப் பத்தவைக்கப் போறேன் மதினி. அவ்வளவு பெரிய டாக்டர் சொல்லுதாரு. கண்ணாடி சொல்லுதாம்ல. எனக்குத்தான் சும்மா அப்படித் தோணுது போல."

மெகராஜ் அவளைத் தோளைப் பிடித்து அமுக்கிப் படுக்க வைத்தாள். உள்ளங்கை சுட்டது. அப்போதுதான் விளங்கியது, அந்தக் குச்சி கொடுக்க வந்த மருந்தில்லை, கேட்க வந்த ஆள் என்று. சௌதாவைக் கேட்க வந்தது. இவள் முந்திக்கொண்டு பதில் சொல்லி அனுப்பியிருக்கிறாள்.

வெளியே டாக்டர் பையை மூடினார். வண்டிக்காரன் மாட்டை அதட்டும் சத்தம். தம்பியைக் கூப்பிட்டுக் காதில் சொல்லலாம். அவன் அதை நாலு பேர் முன்னால் சொல்லமாட்டான். டாக்டரை வழியனுப்பிய பிறகு வந்து கத்துவான். ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போன வண்டி திரும்பாது.

மெகராஜ் திரையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தக் குச்சி சௌதா வாயில இல்ல" என்றாள். பதினைந்து வருஷமாக வெளியே போகாத குரல், கீச்சென்று போனது. "என் வாயில இருந்துச்சு. நாந்தான் ருசி பாத்தேன்."

கூடத்தில் இருந்த தலைகள் எல்லாம் திரைப்பக்கம் திரும்பின. பிறகு அகமது கபீர், "ஆக, மெகராஜ் பேகத்துக்குக் காய்ச்சல் இல்ல. அல்லாவுக்குப் புகழ்" என்றார். யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். மெகராஜுக்குக் காது மடல் எரிந்தது. நைனா முகமது எழுந்தான். டாக்டரின் பையை அவனே திறந்து, குச்சியை எடுத்துத் திரைக்குள் நீட்டினான்.

இந்த முறை சௌதாவின் பல் குச்சியைக் கடித்துவிடாமல் மெகராஜ் அவள் தாடையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். கண்ணாடிக்குள் வெள்ளிக்கோடு எறும்பு மாதிரி ஏறியது.

டாக்டர் ஜன்னலில் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். எண்ணை இங்கிலீஷிலும் சொல்லவில்லை, தமிழிலும் சொல்லவில்லை. நாற்காலியை அவரே தூக்கிக்கொண்டு வந்து திரை ஓரத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"எம்மா, குளிர் எப்பெப்ப வருது?" என்றார். கோட்டுக்கு உள்ளே இருந்த ஆள் அப்போதுதான் பேசினார்.

காய்ச்சல் வந்ததிலிருந்து இதை யாரும் கேட்கவில்லை. மெகராஜ் பத்து நாளாகச் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் சொன்னாள். ஒருநாள் விட்டு ஒருநாள். உச்சிப்பொழுதில் குளிர், பிறகு கொதிப்பு, அந்தியில் வேர்த்துக் கொட்டிவிடும். மறுநாள் ஒன்றுமே நடக்காதது மாதிரி எழுந்து உட்காருவாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு காகிதத்தில் மடித்த பொட்டலங்களைத் திரைக்குக் கீழே தள்ளினார்.

"கொயினா. குளிர்காய்ச்சலுக்கு மருந்து. சூடு இறங்கின பிறகு கொடுங்க, ஒரு நாளைக்கு மூணு வேளை. நாளை மறுநாள் உச்சியில குளிர் வராட்டி மருந்து பிடிச்சுருச்சு. வந்துட்டா வண்டி அனுப்புங்க, வாரேன்." பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "இதை ருசி பாருங்க. தப்பில்லை."

அந்திக்கு மெகராஜ் ருசி பார்த்தாள். காலில் இருந்து உச்சந்தலைவரை கசந்தது. முகம் போன போக்கைப் பார்த்து, வேர்வையில் நனைந்து கிடந்த சௌதா பத்து நாளில் முதல் தடவையாகச் சிரித்தாள்.

நாளை மறுநாள் வந்தது. வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலைத் தரையில் சுருக்கிக்கொண்டே வந்தது. கடையில் இருக்க வேண்டிய நைனா முகமது திரைக்கு வெளியே, பார்க்க ஆளில்லாமல் தனியாக உட்கார்ந்திருந்தான்.

"அக்கா?" என்றான்.

"இரு" என்றாள் மெகராஜ்.

வலது கை சௌதாவின் நெற்றியில் இருந்தது, இடது கை தன் நெற்றியில். இரண்டையும் எடுக்காமல், கண்ணை மூடி, எது சூடு என்று பார்த்துக்கொண்டிருந்தாள். பள்ளிவாசலில் உச்சிநேரத்து லுஹர் பாங்கு தொடங்கியது.